ஆங்கில மரபுத்தொடர்கள்: பொருள் சொல்லி உதவ வேண்டும்

வணக்கம் நண்பர்களே. வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களைத் தமிழாக்குவது என் வேலை. சென்ற வாரம் ஒரு தொடரில் சறுக்கிவிட்டேன். 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்று ஓர் அமெரிக்கர் எழுதியிருந்தார். 'இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்வோம்' என்று மொழிபெயர்த்தேன். பிரிட்டனில் அதுதான் பொருள். அமெரிக்காவிலோ 'இப்போதைக்குத் தள்ளிவைப்போம்' என்று நேர் எதிராகப் பொருள்படுமாம்! என் வரியை நம்பி நான்கு பேர் இரவெல்லாம் உட்கார்ந்து அறிக்கை தயாரித்தார்கள். அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

'மூட் பாயின்ட்' என்பதும் இப்படித்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது: பிரிட்டனில் விவாதத்துக்குரிய விஷயம், அமெரிக்காவிலோ இனிப் பேசிப் பயனில்லாத விஷயம். நாடு மாறினால் பொருளும் மாறும் தொடர்கள் வேறு என்னென்ன? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இன்னொன்று. 'கேரி கோல்ஸ் டு நியூகாசில்' என்பதற்குக் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று அழகாகச் சொல்லிவிடலாம். 'சிட் ஆன் தி ஃபென்ஸ்' வந்தால் மதில்மேல் பூனை இருக்கிறது. ஆனால் 'எலிஃபன்ட் இன் தி ரூம்' என்னைப் படுத்துகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்கிறார் ஒரு நண்பர். எனக்கு உடன்பாடில்லை. அது ஒருவர் வேண்டுமென்றே மறைப்பது. இதுவோ எல்லோருக்கும் தெரிந்தும் எவரும் வாய் திறக்காத சங்கடம். அந்த மௌனத்தைச் சொல்லும் தமிழ் வழக்கு ஏதேனும் உண்டா? வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.