ஆட்சி மாறினால் ஆமை வளர்ப்பவருக்கு என்ன கிடைக்கும்?

வெள்ளவத்தை ஆமைக்காரன்:

இலங்கையில் 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, ஊர்வன வளர்க்கிற எங்கள் வட்டத்தில் ஒரே உற்சாகம். புது அரசாங்கம் அடுத்த வாரமே வர்த்தமானி போட்டு, முதலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வீட்டில் வளர்க்க விடப்போகிறது என்ற மாதிரிக் கதைத்தார்கள். தேர்தல்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் நான். அதனால்தான் இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன். ஊர்வன வளர்க்கிறவர்கள், முன்பு வளர்த்தவர்கள், பிடித்துக் காட்டில் விடுகிறவர்கள் எல்லாரும் பட்டதைச் சொல்லுங்கள்.

முதலில் என் கதை. வீட்டில் இருப்பவை சிவப்புக் காது ஆமைகள். அமெரிக்க மிசிசிப்பிப் பக்கத்து இனம். மீன் கடைகளில் குட்டியாக, ரூபாக் குற்றியை விடக் கொஞ்சம் பெரிதாக விற்பார்கள். வளர்ந்தால் ஒரு அடிக்குக் கிட்ட வரும், இருபது முப்பது வருடம் சாதாரணமாக இருக்கும். அந்தக் கடைகளில் ஆமைக்கு யாரும் பில் எழுதுவதில்லை. மாமி வந்தால் "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்..." என்று தொடங்கிவிடுவார். எனக்கோ அமீனா வந்தால் அது இந்த ஆமையால்தான் வரும் என்ற பயம்.

ஏனென்றால் சட்டத்தில் நாங்கள் நிற்கிற இடம் அப்படி. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. 1993இலும் 2009இலும் திருத்தியிருக்கிறார்கள். உள்நாட்டு ஊர்வனவற்றில், அட்டவணையில் விதிவிலக்காகப் போட்ட சிலவற்றைத் தவிர மற்றதெல்லாம் பாதுகாக்கப்பட்டவை. வீட்டில் வைத்திருந்தால் குற்றம். அதில் எனக்கு மனக்குறை இல்லை. வெளிநாட்டு ஊர்வன என்றால் கொண்டுவர வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், விலங்குத் தொற்றுத்தடைகாப்பு அனுமதியும் வேண்டும். சரி, அதுவும் நியாயம். ஆனால் வருடக்கணக்கில் கடைகளில் விற்று, இன்றைக்கு வீட்டுத் தொட்டிகளில் கிழடாகிக்கொண்டிருக்கிற வெளிநாட்டு ஆமைகளை என்ன செய்வது? அவற்றைப் பதிய ஒரு வழி வேண்டும் என்று கேட்டுக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். அங்கேதான் அரசியல் வந்தது.

கடிதத்தை யாருக்கு எழுதுவது என்பதே பெரிய கேள்வி. 2015இல் வனஜீவராசிகள் அமைச்சு நிலைபேறான அபிவிருத்தியோடு இருந்தது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள். அந்த ஐம்பத்தொரு நாளும் எந்த மேசையில் கொடுத்தாலும் "கொஞ்சம் பொறுங்கள், யார் அமைச்சர் என்று தெரியட்டும்" என்ற பதில்தான். குழப்பம் தீர்ந்து டிசம்பரில் வந்த அமைச்சரவையில் வனஜீவராசிகள் எதோடு சேர்ந்தது தெரியுமா? சுற்றுலா அபிவிருத்தி, கிறிஸ்தவ மத விவகாரம் இரண்டோடும். (என் மனைவி கத்தோலிக்கர். "பங்குத்தந்தையிடமே கடிதத்தைக் கொடுங்கள்" என்றார்.) 2020இல் வனஜீவராசிகளும் வனப் பாதுகாப்பும் சேர்ந்து தனி அமைச்சு. இப்போது சுற்றாடல் அமைச்சின் கீழே. ஒவ்வொரு முறையும் கடிதத்தின் தலைப்பை மாற்றி, உள்ளே இருந்ததை அப்படியே விட்டு, திரும்பக் கொடுத்தேன். ஒரு அலுவலகத்தில் முன்பு கொடுத்த பிரதி எங்கே என்று கேட்டால் "அது பழைய அமைச்சோடு போயிருக்கும்" என்றார்கள். சாமான் ஏற்றிய லொறியில் கடிதமும் போயிருக்கலாம், யார் கண்டது.

2019ஐயும் சொல்ல வேண்டும். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் 18ஆவது மாநாடு அந்த மே மாதம் கொழும்பில், பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்க இருந்தது. எங்கள் பஸ் பாதையில், கைக்கெட்டும் தூரத்தில். வெளியே நின்று ஒரு துண்டுப்பிரசுரமாவது கொடுக்கலாம் என்று நினைத்தோம். ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அந்த நாட்களில் யாருக்கும் ஆமை ஞாபகம் வரவில்லை, வந்திருக்கவும் கூடாது. மாநாடு ஓகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. நட்சத்திர ஆமை, சர்வதேச வியாபாரத்தையே தடுக்கிற முதலாம் பின்னிணைப்புக்குப் போனது. இலங்கை கேட்டபடி எங்கள் மலைக்காட்டுக் கொம்பு ஓணான்களும் பட்டியலில் ஏறின. ஐரோப்பாவில் சில பேர் அந்த ஓணான்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டியல் இங்கே எத்தனை அமைச்சர் மாறினாலும் அசையவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்தில் இருப்பது நிற்கிறது, ஆளின் வாயில் இருப்பது ஆளோடு போகிறது.


கொட்டாஞ்சேனை அக்கா:

தம்பி, என்னுடையது சின்னக் கதை. அம்மம்மா வீட்டில் ஒரு நட்சத்திர ஆமை இருந்தது. புத்தளம் பக்கத்துச் சொந்தக்காரர் யாரோ எப்போதோ கொண்டுவந்து கொடுத்தது. முற்றத்தில் கீரையும் செவ்வரத்தம்பூவும் தின்றுகொண்டு திரியும். நாங்கள் அதை வளர்ப்பதாகவே நினைக்கவில்லை, அது பாட்டுக்கு அங்கே இருந்தது.

ஜெனீவாச் செய்தி பேப்பரில் வந்ததும் மகன் பயந்துவிட்டான். "அம்மா, இது யானைத் தந்தம் மாதிரி ஆகிவிட்டது" என்றான். உண்மையில் உள்ளூர்ச் சட்டத்தில் அது எப்போதோ பாதுகாக்கப்பட்டதுதான், ஜெனீவா வந்துதான் குற்றமானது என்றில்லை. ஆனால் எங்களுக்கு உறைத்தது அப்போதுதான். 1992 என்ற வனஜீவராசிகள் அவசர இலக்கத்துக்கு அழைத்தோம். வந்த அதிகாரி ஒரு சிங்களப் பெடியன், நல்ல மரியாதை. அம்மம்மாவிடம் "ஆச்சி, இதைக் காட்டு வெயிலுக்கு அனுப்புவோம்" என்று பாதித் தமிழில் சொல்லிப் பெட்டியில் வைத்தான். வழக்குக் கிழக்கு ஒன்றும் வரவில்லை. எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் பொறுப்பெடுக்க மாட்டேன்.

எந்த ஆட்சி என்று கேட்டால் எனக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பெடியனுக்கும் அது பொருட்டாகத் தெரியவில்லை.


பம்பலப்பிட்டி மருமகள்:

நான் கல்யாணமாகி சென்னையிலிருந்து இங்கே வந்தவள். என் தம்பி அங்கே பச்சை இகுவானா வளர்க்கிறான், அதனால் இந்தப் பேச்சு எனக்கு ரொம்ப நெருக்கம்.

நீங்கள் எல்லாரும் ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். இந்தியாவில் 2014இலிருந்து தில்லியில் ஒரே பிரதமர்தான். ஆனால் வளர்ப்பவர்களுக்குத் தலைகீழாக மாறியது அந்தக் காலத்தில்தான். 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவுறுத்தல் போட்டது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாங்களாக முன்வந்து சொன்னால், எங்கே வாங்கினாய், ரசீது எங்கே என்று கேட்க மாட்டோம் என்றது. தம்பி ஒரு மாதம் தூங்கவில்லை. "சொன்னால் பிடித்துக்கொண்டு போவானா, சொல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போவானா" என்று என்னிடம் போனில் கேட்டுக்கொண்டே இருப்பான். கடைசியில் சொன்னான்.

அதன்பிறகு 2022இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் உயிரினங்களுக்கென்றே நான்காம் அட்டவணை சேர்த்தார்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள். பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும், ஆறு மாத அவகாசம். முன்பே சொல்லியிருந்ததால் தம்பிக்கு இது சுலபமாக முடிந்தது. சொல்லாமல் ஒளித்த அவனுடைய சிநேகிதர்கள்தான் அங்கேயும் இங்கேயும் அலைந்தார்கள்.

கடுமையான சட்டம்தான், குட்டி போட்டால் சொல்ல வேண்டும், செத்தால் சொல்ல வேண்டும். ஆனால் இப்போது போலீஸ்காரர் வந்து பெல் அடித்தால் காட்ட அவனிடம் ஒரு தாள் இருக்கிறது. வெள்ளவத்தை அண்ணாவிடம் இருக்கிறதா?


அத்திட்டிய பாம்புத்தம்பி:

நான் வளர்ப்பவன் இல்லை, பிடித்து விடுகிறவன். தெஹிவளை, பொரலஸ்கமுவ, பெல்லன்வில பக்கம் வீட்டுக்குள் பாம்பு வந்தால் அழைப்பார்கள். கபரகொய என்கிற நீர் உடும்பு கோழிக்கூட்டுக்குள் போனாலும் அழைப்பார்கள். 2022 தொடக்கத்தில் வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலில் முதலை தெரிந்தபோது, பல்லியைக் கண்டவர்கள்கூட அழைத்தார்கள்.

அண்ணா, கோபிக்கக் கூடாது. நீங்கள் கேட்பது உரிமை. நான் பார்ப்பது வேறு. பெல்லன்வில, அத்திட்டிய ஈரநிலத்தை 1990இல் சரணாலயமாக்கினார்கள். 2018இல் கொழும்பு, சர்வதேச ஈரநில உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற பெயரும் எடுத்தது. அந்தக் கால்வாயோரத்தில் காலையில் வெயில் காய்கிற ஆமைகளைப் பார்த்தால், நம்முடைய பாலாமைக்கும் கல்லாமைக்கும் பக்கத்தில் கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட உங்கள் ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவன் மிசிசிப்பியிலிருந்து நீந்தி வரவில்லை. வளர்ந்ததும் தொட்டி போதாமல், பௌர்ணமிப் போயா தினத்தில் புண்ணியம் என்று கொண்டுவந்து விட்டவர்கள் உங்கள் வட்டத்து ஆட்கள்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2016இலேயே இந்த இனத்தை ஆக்கிரமிப்புப் பட்டியலில் போட்டு விற்பனையை நிறுத்தியது. இங்கே நாளைக்குப் பதிவு வந்தால் எத்தனை பேர் பதிவார்கள், எத்தனை பேர் அன்றைக்கு இரவே கால்வாய்க்குப் போவார்கள்?

இன்னொன்று. சட்டமே இல்லை என்று சொல்லாதீர்கள். 1907இல் வெள்ளைக்காரன் போட்ட மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில், அடைத்து வைத்திருக்கும் ஊர்வனவும் சேர்த்தி. கூடிய தண்டப்பணம் நூறு ரூபா! இன்றைக்கு நூறு ரூபாவுக்கு ஒழுங்கான ஒரு பணிஸ் வாங்க முடியாது. அதை மாற்ற 2006இல் சட்ட ஆணைக்குழு விலங்கு நலச் சட்டமூலம் எழுதிக் கொடுத்தது. 2010இல் ஒரு பிக்கு எம்பி தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்தார். 2016இல் அமைச்சரவை தலையாட்டியது. ராஜபக்ஷ காலம், நல்லாட்சிக் காலம் என்று எல்லாக் காலத்திலும் இழுபட்டது.

ஆனால் யானைக்காரர்களைப் பாருங்கள். 2021 ஓகஸ்டில் வளர்ப்பு யானைகளுக்கு விதிமுறை வந்தது. யானைக்கு அடையாள அட்டை, பாகன் குடித்திருக்கக் கூடாது, குளிப்பாட்ட வேண்டும், எல்லாம் எழுத்தில். அடுத்த மாதமே, களவாகப் பிடித்ததாக வழக்கில் இருந்த யானைகளை நீதிமன்றம் உரிமை கோரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. யானைக்காரர்களுக்குப் பெரஹெரா ஊர்வலம் இருக்கிறது, பெரிய ஆட்களைத் தெரியும். ஆமைக்கு யார் இருக்கிறார்கள்? அப்படி யாரும் இல்லாமல் இருப்பது ஆமைக்கு நல்லது என்றுதான் சில நேரம் நினைக்கிறேன்.


வெள்ளவத்தை ஆமைக்காரன்:

தம்பி, கோபமில்லை. கால்வாயில் விட்டவர்களை எனக்கும் தெரியும், முகத்துக்கு நேரே ஏசியும் இருக்கிறேன். ஆனால் அவர்கள் ஏன் விட்டார்கள் என்றால், கொண்டுபோய்க் கொடுக்க ஒரு இடம் தெரியவில்லை, வைத்திருக்கவும் பயம். மருமகள் சொன்ன மாதிரி ஒரு தாள் இருந்தால் அந்தப் பயத்தில் பாதி போகும். அன்று இரவே கால்வாய்க்குப் போகிறவன் பதிவு இல்லாவிட்டாலும் ஒரு நாள் போவான்.

அமெரிக்காவில் இருக்கிற அக்காவின் மகன் மலைப்பாம்பு வளர்க்கிறான். அங்கே வளர்ப்பவர்களுக்கு யூசார்க் என்று ஒரு சங்கம். 2012இலும் 2015இலும் மத்திய அரசு பர்மிய மலைப்பாம்பு, அனகொண்டா போன்றவற்றைத் தீங்கு இனப் பட்டியலில் சேர்த்து மாநில எல்லை தாண்டக் கூடாது என்றபோது, சங்கம் வழக்குப் போட்டது. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அமெரிக்கப் பெருநிலத்து மாநிலங்களுக்கு இடையே கொண்டுபோவதைத் தடுக்க, அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான சட்டத்தில் அதிகாரம் இல்லை என்றது. 2022இல் அதே தடையை ஒரு பெரிய பொருளாதாரச் சட்டமூலத்துக்குள் செருகிப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றினார்கள். கடிதங்கள் குவிந்தன. கடைசியாக வந்த சட்டத்தில் அது இல்லை. அவர்கள் கேட்டது எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. புளோரிடா எவர்கிளேட்ஸில் பர்மிய மலைப்பாம்பு பெருகி என்ன செய்கிறது என்று பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அவர்கள் பெயர் போட்டுப் பகிரங்கமாகக் கேட்டார்கள். நாங்கள் வட்ஸ்அப் குழுவில் பொய்ப் பெயரில் இருந்துகொண்டு அமைச்சர் நல்லவரா கெட்டவரா என்று வாதாடுகிறோம். முகம் காட்டாதவனுக்கு எந்த அரசாங்கம் பதில் சொல்லும்?

ஆட்சி மாற்றத்தால் எனக்குக் கிடைத்த உருப்படியான சாமான் ஒன்றே ஒன்றுதான். 2015 மாற்றத்துக்குப் பிறகு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். அதைக் கொண்டுவந்த அரசாங்கம் போய்விட்டது, சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் அதிகாரி பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் நான் கருணை எல்லாம் கேட்கவில்லை. தனியார் வீடுகளில் ஏற்கெனவே உள்ள வெளிநாட்டு ஊர்வனவற்றுக்கு எழுத்தில் நடைமுறை உண்டா, இருந்தால் பிரதி தாருங்கள், அவ்வளவுதான். இப்போது என் கேள்விக்கு ஒரு தொடர் இலக்கம் இருக்கிறது. அமைச்சு எங்கே மாறினாலும் அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்கலாம். முன்பு கொடுத்த கடிதங்களுக்கு அதுகூட இல்லை.

அடுத்ததாகச் சுற்றாடல் அமைச்சுக்கு ஒரு பக்கத்தில் கோரிக்கை எழுதுகிறோம். உள்நாட்டு இனம் எதையும் கேட்கமாட்டோம். ஏற்கெனவே உள்ள வெளிநாட்டு ஆமைகளுக்கு ஒருமுறைப் பதிவு, இனப்பெருக்கமும் விற்பனையும் இல்லை, வைத்திருக்க முடியாதவர்கள் ஒப்படைக்க ஒரு இடம். கையொப்பம் போடுகிறவர்கள் உண்மைப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தர வேண்டும். அத்திட்டியத் தம்பி, கால்வாயில் கண்டவற்றின் படமும் இடமும் இருந்தால் எனக்கு அனுப்பு, கோரிக்கையோடு இணைக்கிறேன். எங்களுக்கு எதிரான ஆதாரம்தான், பரவாயில்லை. இனி, முறையாக அனுமதி எடுத்து ஊர்வனவற்றை இறக்குமதி செய்தவர்கள் யாராவது இருந்தால் எந்தப் படிவம், எவ்வளவு காலம் என்று கீழே எழுதுங்கள்.