எடை குறைக்க ஓடியவர்களே, இன்னும் மனதில் நிற்கும் ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ஜெலுத்தோங் தம்பி:
பினாங்கு யூத் பார்க்கில் ஓட ஆரம்பித்து நான்கு மாதம். 96 கிலோ இருந்தேன். முதல் மாதம் மூன்று கிலோ இறங்கியது, அப்புறம் முள் அசையவே இல்லை. ஒருநாள் ஓடிவிட்டு வழக்கமான மாமாக் கடையில் உட்கார்ந்தேன். சொல்லாமலேயே இரண்டு ரொட்டி சானாயும், பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக்கும் வந்தன. தினமும் பூங்காவில் நடக்கிற தாத்தா ஒருவர் பக்கத்து மேசையில். என் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, பசியாறத்தான் தினமும் ஓடுறீங்களா?" என்றார். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மூன்று வாரமாகியும் அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது.

பட்டர்வொர்த் அண்ணன்:
தாத்தா கேட்டது நியாயம்தான். என் கதை சின்னது: தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் ஓடியே இறங்கி முழங்கால் வீங்கியது. "இந்த எடைக்கு முதல்ல நடங்க" என்றார் டாக்டர். அதை விடுங்கள், உங்கள் கணக்கைப் பாருங்கள் தம்பி. ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 93 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 465. ஒரு ரொட்டி சானாயே 300 பக்கம் வரும். இரண்டு ரொட்டி, பருப்புக் குழம்பு, டின் பால் ஊற்றிய தே என்றால் ஓடியதைத் தாண்டிவிடும். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் குடியுங்கள். அவித்த முட்டை இரண்டு சாப்பிடுங்கள். வாரம் இரண்டு நாளாவது பளு தூக்குங்கள், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். உடம்பு இளைக்க இளைக்க அதே தூரத்துக்குச் செலவு குறையும், முள் நிற்க அதுவும் ஒரு காரணம். புகைமூட்ட நாளில் வெளியே ஓடாதீர்கள். பழைய சப்பாத்து என்றால் மாற்றிவிடுங்கள்.

செந்தூல் அக்கா:
அண்ணா, தம்பி யோசனை கேட்கவே இல்லையே! தித்திவங்சா ஏரியை ஒரு வருஷம் சுற்றி எனக்குக் குறைந்தது நாலே கிலோ. உங்கள் கணக்கில் அது தோல்வி. ஆனால் இந்தத் தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளையும் பால்குடத்தோடு நிற்காமல் ஏறினேன். பாதியில் என் வயதுப் பெண் ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். போன வருஷம் நான் நின்ற அதே இடம். "மெதுவா வாங்க, நானும் இங்கதான் நின்னேன்" என்றேன். பேச முடியாமல் தலையை ஆட்டினார். அதற்குள் கூட்டம் என்னை மேலே தள்ளிவிட்டது. குகை வாசலில் வெகுநேரம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்த மஞ்சள் புடவை கண்ணில் படவே இல்லை.