முதல் பேச்சில் கோட்டை விட்ட அனுபவம் உண்டா? இதோ என்னுடையது

குன்னூர்க்காரன்:
2024 ஜூலை. நான் ப்ளஸ் டூ. மாவட்ட அளவிலான சொற்போர், தலைப்பு 'இ-பாஸ் நீலகிரிக்கு நன்மையே' (வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டு). நான் ஆதரவு அணியின் முதல் பேச்சாளர், நான்கு நிமிடம்.

அவையோருக்கும் நடுவர்களுக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்தேன். அப்புறம் ஒரு குறள். மலைகளின் அரசி, தேயிலைப் பச்சை, 1908ல் உதகை வரை வந்த மலை ரயில், 2005ல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம்... மூன்றாம் நிமிட எச்சரிக்கை மணி அடித்தபோது என் ரயில் மலையடிவாரக் கல்லாறு கூடத் தாண்டவில்லை. குளிரில் விரல் விறைத்து, கையிலிருந்த அட்டையைத் திருப்பவும் வரவில்லை.

எதிரணியில் கோத்தகிரிப் பெண் ஒருத்தி. வணக்கம்கூட ஒற்றை வரிதான். "இ-பாஸ் என்றால் என்னவென்று நண்பர் சொல்லவே இல்லை. நான் சொல்கிறேன். வண்டிகளைத் தடுப்பது." அவ்வளவுதான். எங்கள் அணியின் மற்ற இரண்டு பேரும் 'தடை நல்லதே' என்று பேசி மாட்டிக்கொண்டார்கள். உண்மையில் அந்த மே 7ல் தொடங்கிய இ-பாஸ் வெறும் பதிவு. அப்போது எண்ணிக்கை வரம்பே கிடையாது, உள்ளூர் டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கும் இருந்தது. முதல் இரண்டு வாக்கியத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது இது.

வர்க்கியும் டீயுமாக நின்றபோது நடுவர் ஐயா சொன்னார்: "தம்பி, வாசல்ல கோலம் பெருசா போட்ட. கதவைத் திறக்கவே இல்ல."

கொடை மேகம்:
அதே தலைப்பு, நீலகிரிக்குப் பதில் கொடைக்கானல் என்று, எனக்கும் வந்தது, 2025 ஏப்ரலில். அதற்குள் நீதிமன்றம் வரம்பு வைத்துவிட்டது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கு 4,000, 6,000. நான் தொடங்கியது இப்படி: "இன்று செவ்வாய்க்கிழமை. 4,001வது வண்டியில் வருகிறவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? இன்றைய வாதம் இது ஒன்றுதான்." பின்வரிசையில் முறுக்கு தின்றுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பரிசு இரண்டாவதுதான். பாதியில் தொண்டை கட்டிக்கொண்டது, அது வேறு கதை.

ஊட்டி அக்கா:
கல்லூரியில் பிரிட்டிஷ் பார்லிமெண்டரி முறை. நான்கு அணி (ஆதரவாக இரண்டு, எதிராக இரண்டு), ஆளுக்கு 7 நிமிடம், தலைப்பு தந்து 15 நிமிடத்தில் மேடை. முதல் பேச்சாளருக்குப் பெயர் பிரைம் மினிஸ்டர்! முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் எதிரணி குறுக்கே கேள்வி கேட்க முடியாது. அந்த முதல் நிமிடத்தில்தான் தலைப்பின் விளக்கத்தை வைப்பேன். ஆனால் தம்பி, வசதிக்கு வளைக்கக் கூடாது. ஒருமுறை 'சுற்றுலா' என்றால் சொந்தக் காரில் வருவது மட்டும் என்று குறுக்கிவிட்டேன். எங்கள் பக்கத்து இரண்டாவது அணிக்கே பேச எதுவும் மிஞ்சவில்லை. நடுவர்கள் கடைசி இடம் கொடுத்தார்கள், சரியாகத்தான்.

குன்னூர்க்காரன்:
நன்றி அக்கா. அந்தக் கோத்தகிரிப் பெண் இப்போது எங்கள் கல்லூரியில் என் அணிதான். முதல் பேச்சு அவளுக்கு. நான் இரண்டாவது, ரயில் கதை இல்லாமல்.