மெயினுக்குத் திரும்பியதும் மூன்று கமிட்டைக் காணோம்: நான் எந்த பிராஞ்சில் இருந்தேன்?

கேள்வி:
வணக்கம். தேதியைத் தப்பாகக் காட்டும் ஒரு பிழை எப்போது நுழைந்தது என்று பார்க்க, கோடின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட்டில் செக்அவுட் போட்டு, இரண்டு வாரத்துக்கு முந்தைய கமிட்டுக்கு, அதாவது அன்றைய பதிவுக்குப் போனேன். காரணம் கண்ணில் பட்டதும் அங்கேயே திருத்தி, மூன்று கமிட்டும் செய்துவிட்டேன். அப்புறம் முதன்மை பிராஞ்சான மெயினுக்குத் திரும்பினால் திருத்தம் எதுவுமே இல்லை. கமிட்டுகளைப் பட்டியலிடும் கிட் லாகிலும் இல்லை. கிட் பிராஞ்ச் போட்டால் மெயின் மட்டும்தான் வருகிறது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்த வேலை. போய்விட்டதா?

பதில் 1:
போகவில்லை, பதறாதீர்கள். கிட் ரீஃப்லாக் என்று அடியுங்கள். ஹெட், அதாவது நீங்கள் இப்போது நிற்கும் இடத்தின் குறி, எங்கெல்லாம் போய் நின்றது என்பது வரிசையாக வரும், புதியது மேலே. மெயினுக்கு மாறிய செக்அவுட் வரிக்குக் கீழே உங்கள் மூன்று கமிட்டும் இருக்கும். அதில் மேலே உள்ளதன் ஹாஷை, அதாவது அடையாளக் குறியீட்டை எடுத்து, கிட் பிராஞ்ச் தேதி-திருத்தம் என்று அடித்து, இடம் விட்டு அந்த ஹாஷைப் போடுங்கள். இன்றைக்கே செய்துவிடுங்கள். எந்த பிராஞ்சிலும் சேராத கமிட்டுகளை ரீஃப்லாக் வழக்கமாக 30 நாள்தான் நினைவில் வைத்திருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மூன்றும் வந்துவிட்டன! போன உயிர் திரும்பி வந்தது, மிக்க நன்றி. ஆனால் ஒன்று புரியவில்லை. பிராஞ்ச் என்றால் ஃபைல்களின் தனி நகல் என்றல்லவா நினைத்திருந்தேன்? நகலே எடுக்காமல் வேலை எப்படித் திரும்பி வந்தது?

பதில் 2:
நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிராஞ்சுக்கென்று கிட் வைத்திருக்கும் ஃபைலைத் திறந்து பார்த்த அன்றுதான் தெளிந்தது. நீங்களும் பாருங்கள். .கிட் ஃபோல்டருக்குள் ரெஃப்ஸ், அதற்குள் ஹெட்ஸ், அங்கே இப்போது உண்டாக்கிய தேதி-திருத்தம் இருக்கும். உள்ளே ஒரே வரி, 40 எழுத்தில் ஒரு கமிட்டின் ஹாஷ். பிராஞ்ச் என்பது மொத்தமே அதுதான்.

அடுத்து .கிட் ஃபோல்டரிலேயே ஹெட் என்ற ஃபைலைத் திறங்கள். அதிலும் ஒரே வரி. ஆனால் அதில் ஹாஷ் இல்லை, மெயின் பிராஞ்சின் பாதை இருக்கும். கமிட் செய்யும்போது புதிய கமிட் தனக்கு முந்தையதன் ஹாஷைக் குறித்துக்கொள்ளும். ஹெட் காட்டும் பிராஞ்சின் ஃபைலில் புதிய ஹாஷ் ஏறும். ஹெட் ஃபைல் அப்படியே இருக்கும்.

பழைய கமிட்டுக்கு நேராகப் போனீர்களே, அப்போது ஹெட்டில் பாதைக்குப் பதிலாக ஹாஷே ஏறிவிட்டது. டிடாச்டு ஹெட் என்பது இதுதான். நீங்கள் எந்த பிராஞ்சிலும் இல்லை. மூன்று கமிட்டுக்கும் ஹெட் மட்டும்தான் நகர்ந்தது. அது மெயினுக்குப் போனதும் கடைசி கமிட்டைக் காட்ட ஒரு பிராஞ்சும் மிஞ்சவில்லை, கமிட்டுகள் மட்டும் பத்திரமாகக் கிடந்தன.

செக்அவுட்டுக்குப் பதில் கிட் ஸ்விட்ச் பழகுங்கள். 2019-ல் 2.23 பதிப்பில் வந்தது. ஹாஷை மட்டும் கொடுத்தால் நகராது, டிடாச் என்று நீங்களே சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
திறந்து பார்த்தேன், ஒரே வரிதான்! அந்த பிராஞ்சை மெயினில் மெர்ஜ் செய்து சேர்த்துவிட்டேன், தேதி சரியாக வருகிறது.