சிபிநாட்டில் காசநோய்க் கிருமி இல்லை, ஸ்லைடில் சிவப்பு: உங்களுக்கும் நடந்ததா?

குன்னூர் லேப்:
நாலு வருடம் ஆகியும் உறுத்துகிறது. கொழுந்து பறிக்கிற அம்மா, மூன்று மாத இருமல். சளி ஸ்லைடில் 2+, அதாவது சாயம் ஏறிய சிவப்புக் கிருமிகள் நிறைய. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட்டில் போட்டால் காசநோய்க் கிருமி இல்லை. டாக்டர் போனில், "சாம்பிளை மாத்திட்டியா?" என்றார். இல்லை சார், ஒரே டப்பாதான். கீழே கோவைக்குக் கல்ச்சருக்கு, கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்பினோம். 12-ம் நாள் வளர்ந்துவிட்டது. வளர்ந்தது காசநோய்க் கிருமியா என்று காட்டும் எம்பிடி64 அட்டையின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது: கன்ட்ரோல் கோடு மட்டும். அதாவது காசநோய்க் கிருமி இல்லை, தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் அதன் உறவுக் கிருமி. அதைப் பார்த்ததும் என் கண் போனது எங்கள் சிங்க்குக்கு. ஸ்லைடு அலசுவது ஊற்றுத் தண்ணீர் வரும் அந்தக் குழாயில்தான். "கொப்பளிச்சுட்டு வாங்கம்மா" என்று அவரை அனுப்பியதும் அங்கேதான். கிருமி அவர் நெஞ்சிலா, என் குழாயிலா?

ஊட்டி மைக்ரோ:
எனக்கு வந்த சாம்பிள் சளி இல்லை, சீழ். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுத்தவர், தொப்புள் ஓட்டை ஒரு மாதமாக ஆறவில்லை. சீழைக் கல்ச்சர் பிளேட்டில் போட்டு, இரண்டு நாள் பார்த்துவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிட்டேன். பொங்கல் லீவு, பிளேட்டைக் கழுவ ஆளில்லை. திரும்பி வந்து இன்குபேட்டரைத் திறந்தால் ஐந்தாம் நாள் பிளேட்டில் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள். காசநோய்க் குடும்பக் கிருமிகளைச் சிவப்பாக்கும் இசட்என் சாயம் போட்டேன், அத்தனையும் சிவப்பு. பிறகு அதே குடும்பத்து ஃபார்ச்சுயிட்டம் என்ற இனம் என்று வந்தது. லீவு இல்லாவிட்டால் அது குப்பையில். அதற்கு முன் எத்தனை பிளேட்டைக் கொட்டினேனோ.

கொடை குறிஞ்சி:
குன்னூர் தம்பி, கொப்பளித்த தண்ணீரால் 2+ அவ்வளவு எளிதில் வராது. ஸ்லைடு அலசிய தண்ணீரைத்தான் சந்தேகப்படணும். காலி ஸ்லைடு ஒன்றை அதே குழாயில் அலசி, சாயம் போட்டுப் பார்த்தீர்களா? இனி டிஸ்டில்ட் வாட்டர்தான். கல்ச்சருக்கும் ஒரு சளி போதாது. வேறு வேறு நாளில் எடுத்த இரண்டில் அதே இனம் வரணும், சிடி ஸ்கேனும் ஒத்துப்போகணும். அப்புறம் இனத்தின் பெயர் கேளுங்கள். காசநோய்க் கிருமியை வளரவிடாத பிஎன்பி மருந்து கலந்த பாட்டிலில் வளர்ந்தது என்றால் காசநோய் இல்லை என்று மட்டும்தான் தெரியும். அப்செசஸ் என்ற இனம் என்றால் மாதக்கணக்கில் ஊசி. கார்டோனே என்ற இனம் என்றால் பெரும்பாலும் நோய் தராத தண்ணீர்க் கிருமி. எங்களிடம் கல்ச்சருக்கான எல்ஜே பாட்டிலில் ஆரஞ்சு நிறத்தில் கார்டோனே வந்தது, அதற்குள் ஒருவருக்கு மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அது இருக்கட்டும். ஊட்டிக்காரரே, சீழ் பிளேட்டை ஏழு நாள் வைக்கணும்.

குன்னூர் லேப்:
காலி ஸ்லைடு அடுத்த வாரமே பார்த்தேன் அக்கா, சுத்தம். ஆனால் அதற்குள் தொட்டியைக் கழுவிவிட்டார்கள். இரண்டாவது சளிக்கு டப்பா கொடுத்தேன். அந்த அம்மா மகளோடு திருப்பூர் போய்விட்டார், டப்பா திரும்பவில்லை.