அடுக்குமாடிக் குடியிருப்பில் சூரிய மின்சாரம்: நகரம் எப்படி உதவலாம்?

வேளச்சேரி வாசி:
வணக்கம். எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடி எல்லா வீடுகளுக்கும் பொதுவானது. சோலார் தகடுகள் வைக்கச் சிலருக்கு விருப்பம் உண்டு. மாடி எல்லாருக்கும் உரியதாயிருக்க மின்சாரம் மட்டும் சிலருக்கா என்ற கேள்வியில் பேச்சு நின்றுவிடுகிறது. மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைத்தாலும், தனி வீட்டுக்காரர்களுக்கே அது எளிதாகக் கைகூடுகிறது. சொந்தக் கூரை இல்லாதவர்களும் பசுமை மின்சாரத்துக்கு மாற நகரங்கள் என்ன செய்யலாம்?

மின்பொறியாளர்:
பொது இணைப்பிலிருந்து தொடங்குங்கள் ஐயா. லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குகள் ஆகியவற்றின் கட்டணத்தை எல்லோரும் சேர்ந்தே கட்டுவதால் பங்கு பிரிக்கும் சிக்கல் எழாது. வீடுகளுக்கு உள்ள 100 இலவச யூனிட் அந்த இணைப்புக்கு இல்லாததால் சேமிப்பும் உடனே தெரியும். அதே திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். நிழல் விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும், அதனோடு தொடராக இணைத்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையக்கூடும். மோட்டாரை நண்பகலில் ஓட்டுங்கள். வரும் மின்சாரம் அங்கேயே பயன்பட்டுவிடும்.

தில்லித் தமிழர்:
பங்கு பிரிப்பதற்கும் வழி இருக்கிறது. தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் விர்ச்சுவல் நெட் மீட்டரிங் முறைக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஓரிடத்தில் அமைத்த சோலார் நிலையத்தின் உற்பத்தியை, ஒப்புக்கொண்ட விகிதத்தில் பல வீடுகளின் பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்பதால், வாடகை வீட்டில் இருப்பவரும் பங்குதாரர் ஆக முடியும். என்னைக் கேட்டால், மானியத்தை உயர்த்துவதைவிட இந்த ஒரு விதிதான் அடுக்குமாடிவாசிகளுக்கு அவசரத் தேவை.

பெங்களூர்வாசி:
அதோடு, கட்டடம் எழும்பும் முன்பே நகரம் தலையிட வேண்டும். பார்சிலோனா 2000ஆம் ஆண்டிலேயே புதிய கட்டடங்களில் சூரிய வெந்நீர் அமைப்பைக் கட்டாயமாக்கியது. பெங்களூரிலும் அத்தகைய விதியும் மின்கட்டணத் தள்ளுபடியும் சேர்ந்துதான் சோலார் ஹீட்டரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. நம் ஊர்களில் வெயில் பெரும்பாலான மாதங்களில் தெற்கிலிருந்து சாய்வாக விழுவதால், லிப்ட் அறையையும் தொட்டியையும் மாடியின் வடக்கு ஓரத்தில் அமைக்கவும், மாடியிலிருந்து மீட்டர் அறை வரை ஒயர் இறங்கத் தனிக்குழாய் விடவும் வரைபட அனுமதியிலேயே நிபந்தனை விதிக்கலாம்.