பின்வளவுக்குள்ள கொயோட்டி: நாய்க்குட்டியை எப்பிடிக் காப்பாற்றுறது?

கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில, ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிற ஆக்களே, ஒரு உதவி. போன கிழமை விடிய 5:30 போல எங்கட வேலிக்கு மேலால ஒரு கொயோட்டி (ஓநாய் மாதிரி ஒரு காட்டு விலங்கு) பாய்ஞ்சு வந்து நிண்டது. நரியை விடப் பெரிசு, காலெல்லாம் ஈர்க்கு மாதிரி. எங்கட நாய்க்குட்டி வெறும் 4 கிலோ. நான் சட்டியைத் தட்டிக் கத்தியும் உடன ஓடேல்ல, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனது. அதுதான் பயமாக் கிடக்கு.

அம்மா காகத்துக்கெண்டு வேலியடியில சோறு வைக்கிறவ, அதை நிப்பாட்டியாச்சு (ரெண்டு நாளா என்னோட கதைக்கேல்ல). பேரிக்காய் மரத்தடியில விழுறதையும் பொறுக்கிறன். குட்டியைத் தனிய வெளிய விடுறேல்ல.

வேலி 5 அடிதான். 6 அடியையும் ஏறிக் கடக்குமாம். காலை வைச்சாச் சுழண்டு வழுக்கிற உருளைக் குழாயை வேலிக்கு மேல பூட்டினவை ஆரும் இருக்கிறியளா? பனிக்காலத்தில அது உறைஞ்சு நிண்டிடாதோ? அது கீழால தோண்டி உள்ள வராமல் கம்பிவலை புதைக்கிறதெண்டால் ஒரு அடி ஆழம் காணுமோ?

நஞ்சு, பொறி எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, அதில பக்கத்து வீட்டுப் பூனைதான் மாட்டுப்படும். ஜனவரியில கொயோட்டியள் இணைசேருற காலம் தொடங்கிடும், அதுக்கு முன்னம் வேலையை முடிக்கோணும்.